சொட்டுச் சொட்டாக உயர்ந்தவர்: எலைஜா மெக்காய்

மாணவர்களே, இரவு முழுவதும் சாலையோரம் நின்ற லோரி காலையில் கிளம்பிப் போன பிறகு, அது நின்ற இடத்தை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? தாரின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருக்கும். நம்மில் பலர் செருப்பில் படாமல் அதைத் தாண்டிப் போய்விடுவோம். பட்டறையில் பழகியவரோ அப்படிப் போகமாட்டார். குனிந்து விரலால் தொடுவார், நிறத்தைப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை அவர் ஸ்பேனரைத் தொடமாட்டார்.

எந்த இயந்திரத்திலும் எண்ணெய் தொடர்பான சிக்கல்கள் இரண்டு. போக வேண்டிய இடத்துக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்று. போன இடத்திலேயே தங்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டில் எது தவறினாலும் உலோகம் உலோகத்தோடு உராயும், சூடேறும், தேயும், கடைசியில் இறுகி நின்றுவிடும். முதல் சிக்கலைத் தீர்ப்பதற்கே வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் எலைஜா மெக்காய். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோருக்குப் பிறந்து, கரி அள்ளிப்போடும் வேலையில் தொடங்கி, ஏறத்தாழ 57 காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரரான அவருடைய கதையை இன்று அறிவோம்.

தப்பி வந்த பெற்றோர்

எலைஜாவின் தந்தை ஜார்ஜ், தாய் மில்ட்ரெட். இருவரும் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அங்கே ஒரு மனிதரை மாடு, வண்டியைப் போல விற்கலாம், வாங்கலாம். குடும்பத்தைப் பிரித்து, தாயை ஓரிடத்துக்கும் பிள்ளையை வேறோரிடத்துக்கும் அனுப்பலாம். சட்டமே அதற்குத் துணை நின்றது.

அந்த நாளில் அடிமைகள் தப்பிச் செல்வதற்கு இரகசிய வழி ஒன்று இருந்தது. அதற்கு நிலத்தடி இரயில்பாதை என்று பெயர். பெயரில்தான் இரயில் இருந்தது, உண்மையில் தண்டவாளமும் கிடையாது, வண்டியும் கிடையாது. இரக்கமுள்ள மக்கள் தங்கள் வீடுகளிலும் களஞ்சியங்களிலும் தப்பி வருவோரை ஒளித்து வைத்து, இரவோடு இரவாக அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். பிடிபட்டால் சவுக்கடி. உதவியவருக்கும் தண்டனை. அந்த வழியாகத்தான் ஜார்ஜும் மில்ட்ரெட்டும் எல்லையைக் கடந்து கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கனடாவில் அடிமை முறை அதற்கு முன்பே ஒழிக்கப்பட்டிருந்தது.

ஒண்டாரியோ பகுதியில் கொல்செஸ்டர் என்னும் சிற்றூரில் 1844-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் எலைஜா பிறந்தார். சுதந்திர மண்ணில் பிறந்ததால் பிறப்பிலேயே சுதந்திரர். பின்னாளில் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பி, மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் குடியேறியது. மிச்சிகனில் அடிமை முறை இல்லை.

எடின்பரோவுக்கு ஒரு பயணம்

சிறுவன் எலைஜாவுக்கு இயந்திரங்கள் மீது தணியாத ஆர்வம். பெற்றோர் அதைக் கண்டுகொண்டார்கள். ஆனால் அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினச் சிறுவனுக்குப் பொறியியல் கற்றுக்கொடுக்க முன்வருவோர் அரிது. கதவு அடைபட்டிருக்கிறது என்று அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சேமித்த காசைக் கொண்டு 15 வயது மகனைக் கப்பலேற்றி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பி வைத்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். உங்களில் படிவம் மூன்றில் படிப்பவருக்கு அந்த வயதுதான். தொலைபேசி இல்லாத காலம், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், உறவினர் எவரும் இல்லாத ஊர். அங்கே அவர் பயிற்சி மாணவராகச் சேர்ந்து, கருவியைப் பிடித்தும் வரைபடம் வரைந்தும் கற்று, இயந்திரப் பொறியாளர் என்ற தகுதியோடு வெளியே வந்தார். நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் பிறந்த நாடு ஸ்காட்லாந்து. அந்தத் தொழிலைக் கற்க அதைவிடப் பொருத்தமான இடம் அன்று வேறு அதிகம் இல்லை.

பொறியாளர் கையில் கரி அள்ளும் மண்வெட்டி

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அதன் முடிவில் அடிமை முறை நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, மனங்கள் அவ்வளவு விரைவாக மாறவில்லை. தகுதிச் சான்றோடு வேலை தேடிய எலைஜாவைப் பொறியாளராக ஏற்க எவரும் முன்வரவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் அவருக்குக் கிடைத்தது, இன்ஜினில் கரி அள்ளிப்போட்டு எண்ணெய் ஊற்றும் வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? ஓடுகின்ற இன்ஜினில் நின்றபடி அடுப்புக்குள் ஓயாமல் கரியை வீச வேண்டும். முகத்தில் அனல், முதுகில் காற்று. வண்டி நின்றதும் இளைப்பாற நேரமில்லை. நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சக்கர அச்சு, இணைப்புத் தண்டு, சிலிண்டர் என்று ஒவ்வோர் இடமாக எண்ணெய் விட வேண்டும்.

படித்த படிப்புக்கு ஏற்ற வேலை இல்லையே என்று அவர் மனம் கசந்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவரோ அந்த வேலையையே தம் ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்குத் தெரியாத ஒன்று, எண்ணெய்க் குவளையோடு இன்ஜினைச் சுற்றி வருபவருக்குத் தெரியும். எந்தப் பாகம் எவ்வளவு நேரத்தில் காய்ந்து போகிறது, எங்கே முதலில் சூடேறுகிறது என்பதை அவருடைய கை அறிந்திருந்தது.

இரயில் ஏன் நிற்கிறது?

அன்றைய இரயில்கள் அடிக்கடி நின்றன. பயணிகள் ஏறி இறங்க மட்டும் அல்ல, எண்ணெய் விடுவதற்காகவும் நின்றன. ஒவ்வொரு நிறுத்தமும் நேரத்தையும் பணத்தையும் தின்றது. எண்ணெய் விடத் தவறினால் பாகங்கள் தேய்ந்து இன்ஜினே பழுதாகிவிடும்.

இதில் மிகவும் சிக்கலான இடம் நீராவிச் சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதன் சுவருக்கு எண்ணெய் தேவை. ஆனால் இன்ஜின் இயங்கும்போது சிலிண்டருக்குள் நீராவி பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போகாது, நீராவிதான் வெளியே சீறும். ஆகவே நீராவியை அடைத்த பிறகே எண்ணெய் விட முடியும். எண்ணெய் மிகுதியாகத் தேவைப்படும் நேரம் இன்ஜின் உழைக்கும் நேரம். அந்த நேரத்தில்தான் எண்ணெய் விடவே முடியாது. முடிச்சு இருந்தது அங்கேதான்.

எண்ணெயைத் தடுக்கும் அந்த நீராவி அழுத்தத்தையே எண்ணெயை உள்ளே அனுப்பும் வேலைக்காரனாக மாற்ற முடியாதா? மெக்காயின் கருவி இந்தக் கேள்விக்கான பதில். எண்ணெய் நிரப்பிய ஒரு கிண்ணம், சிலிண்டரோடு இணையும் ஒரு குழாய், இடையில் ஒரு வால்வு. இன்ஜினின் நீராவி அழுத்தமே அந்த வால்வை இயக்கி, எண்ணெயை வேண்டிய அளவில் உள்ளே விட்டது. வண்டி ஓட ஓட எண்ணெய் தானாகப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கருவிக்காக 1872-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 1,29,843.

ஓர் உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தானாக எண்ணெய் விடும் கருவியை உலகில் முதன்முதலாகச் செய்தவர் மெக்காய் அல்லர். இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற பொறியாளர் 1860-லேயே ஒரு வகைக் கருவியைச் செய்திருந்தார். எந்தக் கண்டுபிடிப்பும் ஒருவரோடு தொடங்கி ஒருவரோடு முடிவதில்லை. மெக்காயின் பெருமை, அந்தச் சிக்கலை எடுத்து ஐம்பது ஆண்டுகளாக விடாமல் சீராக்கிக்கொண்டே வந்ததில் இருக்கிறது.

ஒரு தாளின் விலை

காப்புரிமை என்பது வெறும் ஒரு தாள்தானே என்று நினைக்கக்கூடும். அந்தத் தாளின் மதிப்பை அறிய, 14 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1858-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரி ஒரு முடிவை அறிவித்தார். அடிமையாக இருப்பவர் எதையேனும் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை தர முடியாது, ஏனென்றால் அவர் குடிமகனே இல்லை என்பது அந்த முடிவு. அடிமையின் பெயரிலும் தரமாட்டார்கள், முதலாளியின் பெயரிலும் தரமாட்டார்கள். அந்த அறிவு பிறக்காததற்குச் சமம்.

ஜார்ஜும் மில்ட்ரெட்டும் அந்த இரவில் துணிந்து புறப்படாமல் கெண்டக்கியிலேயே இருந்திருந்தால், எலைஜாவும் அங்கே அடிமையாகவே பிறந்திருப்பார். அடிமையாக இருந்த காலத்தில் அவர் கையால் எது உருவாகியிருந்தாலும் அதற்கான காப்புரிமையில் அவர் பெயர் இருந்திருக்காது. 1872-இல் அவருடைய பெயர் அச்சிட்ட அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது, அது பெற்றோரின் துணிச்சலுக்கும் கிடைத்த சான்றாக இருந்தது.

அதே 1872 அவருக்குத் துயரத்தையும் கொண்டுவந்தது. 1868-இல் அவர் மணந்த ஆன் எலிசபெத் ஸ்டுவர்ட் அந்த ஆண்டில் காலமானார். மறு ஆண்டு அவர் மேரி எலினோரா டிலேனியை மணந்தார். மேரியின் பெற்றோரும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களே. பிற்காலத்தில் டெட்ராய்ட் நகரில் ஆதரவற்ற கறுப்பின மூதாட்டிகளுக்கான இல்லம் 1898-இல் உருவாக முன்னின்றவர்களில் மேரியும் ஒருவர்.

பெயர் இல்லாத கருவிகள்

1882-இல் குடும்பம் டெட்ராய்டுக்குக் குடிபெயர்ந்தது. மெக்காய் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் கருவிகளை மேம்படுத்தினார். இரயில் இன்ஜின்களிலும் நீராவிக் கப்பல்களிலும் தொழிற்சாலை இயந்திரங்களிலும் எண்ணெய் விடும் கருவிகள் இடம்பெற்றன. வீட்டுப் பொருள்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மடக்கி வைக்கக்கூடிய துணி தேய்க்கும் பலகைக்கும், புல்தரைக்கு நீர் தெளிக்கும் கருவிக்கும் அவர் காப்புரிமை பெற்றார்.

ஆனால் ஒரு கருவியைப் பெருமளவில் தயாரிக்கத் தொழிற்சாலை வேண்டும், தொழிற்சாலைக்கு முதல் வேண்டும். அது அவரிடம் இல்லை. ஆகவே பல காப்புரிமைகளின் உரிமையைப் பிறருக்கு எழுதிக்கொடுத்துப் பணம் பெற்று, அந்தப் பணத்தைக் கொண்டு அடுத்த ஆய்வைத் தொடர்ந்தார். அதனால் அவர் மூளையில் பிறந்த பல கருவிகள் வேறு பெயர்களோடு உலகைச் சுற்றி வந்தன. அவற்றை வைத்துச் செல்வந்தரானவர்கள் வேறு சிலர்.

ஆங்கிலத்தில் அசலான, கலப்படமற்ற பொருளை 'ரியல் மெக்காய்' என்று சொல்வார்கள். போலிக் கருவிகளை ஏற்காத இரயில்வேக்காரர்கள், மெக்காயின் அசல் கருவிதானா என்று கேட்டு வாங்கியதால் அந்தத் தொடர் பிறந்தது என்று ஒரு கதை பரவியிருக்கிறது. கேட்க இனிமையான கதை. ஆனால் ஸ்காட்லாந்தில் இதைப் போன்ற ஒரு தொடர், மெக்கே என்ற பெயரோடு, 1856-லேயே அச்சில் வந்துவிட்டது. அப்போது எலைஜாவுக்கு வயது 12. ஆகவே அந்தத் தொடருக்கு அவரே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவருடைய பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

மீண்டும் தொடக்கத்திலிருந்து

மெக்காயின் வாழ்க்கையில் மாணவர்கள் உற்றுக் கவனிக்க வேண்டிய பகுதி, அவர் எழுபது வயதை எட்டிய காலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் இன்ஜின்களில் ஒரு புதிய மாற்றம் வந்தது. கொதிகலனிலிருந்து வரும் நீராவியை மீண்டும் சூடாக்கி, ஈரமே இல்லாத, மிகவும் வெப்பமான நீராவியாக மாற்றி சிலிண்டருக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஷ்மிட் என்பவர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கரியும் தண்ணீரும் மிச்சமாயின.

ஆனால் அந்த வெப்பத்தில் பழைய முறை தடுமாறியது. சிலிண்டருக்குள் போகும் எண்ணெய் கருகியது. கருகிய எண்ணெய் வழுக்கும் தன்மையை இழந்து, கரிப் படிவாக மாறி ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போய்ச் சேர்ந்தும் வேலை நடக்கவில்லை.

வெப்பத்தைத் தாங்கும் வழுக்குப்பொருள் ஒன்று உண்டு. உங்கள் பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட்தான் அது. அதைத் தூளாக்கி எண்ணெயோடு கலந்தால் நல்ல பலன் கிடைக்கும். ஆனால் அது குறுகிய குழாயில் தேங்கி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் எண்ணெயும் போகாது, கிராஃபைட்டும் போகாது. ஒரு நோய்க்குத் தந்த மருந்து இன்னொரு நோயாகிவிடும்.

மெக்காய் அந்த அடைப்பைத் தவிர்க்கும் வகையில் புதிய கருவியை வடிவமைத்து, 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 70. தம் கண்டுபிடிப்புகளில் இதையே அவர் சிறந்ததாகக் கருதினார். 1920-இல் தம் பெயரிலேயே டெட்ராய்டில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தையும் தொடங்கினார். தம் பெயர் பொறித்த கருவியை உலகுக்குத் தர அவருக்கு 76 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இறுதி நாள்கள்

1922-இல் நேர்ந்த ஒரு வாகன விபத்தில் மெக்காயும் மேரியும் படுகாயமுற்றார்கள். அந்த விபத்தின் பாதிப்பிலிருந்து மேரி மீளவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உடன் இருந்த துணையை இழந்த மெக்காயின் உடலும் மனமும் தளர்ந்தன. கையில் பெரிய செல்வமும் இல்லை. மிச்சிகனில் எலோய்ஸ் என்னும் இடத்திலிருந்த பொது மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில் காலமானார்.

உலகம் அவரை மெதுவாகத்தான் நினைவுகூர்ந்தது. 2001-இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றம் அவருக்கு இடமளித்தது. 2012-இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே தன் முதல் கிளையை டெட்ராய்டில் திறந்தபோது, அதற்கு எலைஜா மெக்காயின் பெயரைச் சூட்டியது. அடிமையின் அறிவுக்குத் தாள் தர மறுத்த அரசு, அடிமைகளின் மகன் பெயரைத் தன் வாசலிலேயே எழுதி வைத்தது.

லோரிக்கு அடியில் மெக்காயின் பாடம்

இப்போது நாம் தொடக்கத்தில் பார்த்த எண்ணெய்க் கறைக்குத் திரும்புவோம். மெக்காய் எண்ணெயை உள்ளே அனுப்பப் போராடினார். இன்றைய லோரியில் கியர்பெட்டியும் பின் அச்சின் டிஃபரன்ஷியலும் எண்ணெயைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் இரப்பர் சீல் ஒன்று எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. அது கசியத் தொடங்கினால், மெக்காய் செய்ததைப் போலவே முதலில் சிக்கலைப் படிக்க வேண்டும்.

முதல் படி, எந்த எண்ணெய் என்று அறிவது. இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், எந்த இடத்தில் சொட்டுகிறது என்று காலையில் தெரிந்துவிடும். தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெய் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சிவப்பு. டிஃபரன்ஷியலில் இருக்கும் கியர் எண்ணெய் கெட்டியானது, கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். இன்ஜின் எண்ணெய் கறுத்திருக்கும். குளிர்விப்பு நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும்.

இரண்டாம் படி, ஊற்றுக்கண்ணைத் தேடுவது. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறாக இருக்கலாம். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும், சுழலும் தண்டு அதைச் சுற்றிலும் வீசும். எனவே அழுக்கு முழுவதையும் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலாகவும் முன்னாலும் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே பிறப்பிடம்.

மூன்றாம் படிதான் பலரும் தவறவிடுவது. சீல் ஏன் கசிந்தது? டிஃபரன்ஷியலின் மேற்புறத்தில் காற்று வெளியேறச் சிறு துவாரம் ஒன்று உண்டு. பட்டறைகளில் அதை பிரீதர் என்பார்கள். வண்டி ஓடும்போது எண்ணெய் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரியும். அந்தத் துவாரம் மண்ணால் அடைபட்டிருந்தால், காற்று போக வழியின்றி எண்ணெயைச் சீலின் வழியே வெளியே தள்ளும். துவாரத்தைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் மட்டும் போட்டால், சில வாரங்களில் அதுவும் கசியும். சீல் உரசும் இடத்தில் தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, பேரிங் ஆட்டம் கொடுக்கிறதா, எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பழுது பார்க்கும்போதும் ஒழுங்கு வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. எண்ணெயை வடிக்கும் முன், நிரப்பும் துவாரத்தின் மூடி கழல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வடித்த பிறகு அது திறக்காவிட்டால், வண்டி அங்கேயே கிடக்கும். முன்பக்கச் சீலை மாற்ற மைய நட்டைக் கழற்றுவதானால், அது முன்பு இருந்த நிலையை அடையாளமிட வேண்டும். பல வண்டிகளில் அந்த நட்டின் இறுக்கமே உள்ளிருக்கும் பேரிங்குகளின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவை மீறி இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும்.

சிறு கசிவுதானே என்று விட்டுவிடலாமா? சக்கரத்தின் உட்புறச் சீல் கசிந்தால் எண்ணெய் பிரேக்கின் மேல் படியும். பல டன் பாரம் ஏற்றிய லோரி மலைப்பாதையில் இறங்கும்போது அந்தப் பிரேக் பிடிக்காமல் போனால், ஓட்டுநர் மட்டுமா ஆபத்தில் இருக்கிறார்? எதிரே வரும் பள்ளிப் பேருந்தும் மோட்டார் சைக்கிளில் வரும் குடும்பமும் ஆபத்தில் இருக்கிறார்கள். உள்ளங்கை அளவு கறையை நின்று பார்த்த ஒருவரால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.

மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு தொழில்திறன் பயிற்சிக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கையில் எண்ணெய்க் கறை படியும் வேலை என்று சிலர் ஏளனம் செய்யலாம். எடின்பரோவில் படித்துத் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் அந்தக் கறையோடுதான் தம் பயணத்தைத் தொடங்கினார். எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு இன்ஜினைச் சுற்றி வந்த அந்த நாள்களில் கற்றவற்றைக் கொண்டே ஏறத்தாழ 57 காப்புரிமைகளை எட்டினார். நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் எண்ணெய்க் கறையைக் கண்டால், ஒரு நிமிடம் நின்று அதன் நிறத்தைப் பாருங்கள். எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த வண்டியின் ஓட்டுநர் அருகில் இருந்தால், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.